இன்னொன்றும் உண்டு

சென்ற வருஷம் இரண்டு மாத காலம் நான் கதை எழுதவில்லை. பத்திரிகை ஆசிரியர் இரண்டு தடவை டெலிபோன் செய்தார். "உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார்.

"உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு பட்டியல் செய்துகொண்டிருக்கிறேன்" என்றேன்.

"என்ன பட்டியல்?"

"கம்ப்யூட்டர் திரையில் ஒரு கட்டத்தைத் தட்டினால் கீழே தொங்குமே, அந்தப் பட்டியல்."

சற்று நேரம் மௌனம். "சரி, முடிந்ததும் சொல்லுங்கள்" என்று வைத்துவிட்டார். எனக்குப் புத்தி கொஞ்சம் பிசகிவிட்டது என்றே எண்ணியிருப்பார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு வருஷம் கல்லூரி வாசலை மிதித்து, அதற்கு மேல் படிப்பு ஓடாமல் பேனாவைப் பிடித்தவன் நான். கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்த வித்தை, தமிழில் நாலு பக்கம் தட்டுவதும், தட்டியதைத் தவறுதலாக அழித்துவிட்டு என் அக்காள் மகனைக் கூப்பிடுவதும்தான். அவன் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவன். சின்னச் சின்ன கிளினிக்குகளுக்கும் மருந்துக் கடைகளுக்கும் மேஜைக் கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராம்கள் செய்து தருவது அவன் ஜீவனம். அவனோடு உட்கார்ந்து நான் பட்டியல் செய்த கதைக்கு முன்னால் இன்னொரு கதை இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் இது வெறும் தொழில் சமாசாரமாகிவிடும்.

நாலு வருஷத்துக்கு முன் அம்மாவுக்கு விடாத இருமல், கூடவே ஜுரம். ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். பெயர் இங்கே வேண்டாம். நல்ல ஆஸ்பத்திரிதான். பதிவு செய்கிற இடத்தில் ஒரு பெண் கம்ப்யூட்டருக்கு முன் உட்கார்ந்து மளமளவென்று கேள்வி கேட்டாள். பெயர், வயது, ஊர். பிறகு, "ஏதாவது மருந்து ஒத்துக்காதா, பாட்டி?" என்றாள்.

"பென்சிலின் ஒத்துக்காது. சல்பா மாத்திரையும் ஒத்துக்காது" என்றாள் அம்மா. தெளிவாகத்தான் சொன்னாள்.

திரை என் பக்கம் பாதி திரும்பியிருந்தது. அந்தப் பெண் ஒரு கட்டத்தைத் தட்டினாள், பட்டியல் இறங்கிற்று, பென்சிலின் என்பதைத் தொட்டாள், பட்டியல் மூடிக்கொண்டது. மறுபடியும் தட்டினாள், சல்பாவைத் தொட்டாள், மூடிக்கொண்டது. பென்சிலின் என்ற எழுத்து இருந்த இடத்தில் சல்பா என்ற எழுத்து வந்து உட்கார்ந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்டியலில் முதல் காசு உள்ளே போய்விட்டது, இப்போது இரண்டாவது காசு போகிறது என்று நினைத்தேன். அந்தப் பெண்ணும் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

உள்ளே டாக்டர் திரையைப் பார்த்துவிட்டு, "சல்பா ஒத்துக்காது, இல்லையாம்மா?" என்று கேட்டார். கேட்காமல் இருக்கவில்லை, பொறுப்பாகக் கேட்டார். அம்மா "ஆமாம்" என்றாள். அதுவும் உண்மைதானே? அவர் அமாக்ஸிஸிலின் எழுதிக் கொடுத்தார். அது பென்சிலின் குடும்பத்து மருந்து என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? பெயர் வேறாக இருந்தது.

அன்று ராத்திரி முதல் மாத்திரை விழுங்கிக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் உடம்பெங்கும் தடிப்பு. உதடு வீங்கிற்று. பிறகு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு கிட்டே இருந்த வேறோர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அட்ரினலின் ஊசி போட்டார்கள். அம்மா பிழைத்தாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று அங்கிருந்த டாக்டர் ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் முதல் ஆஸ்பத்திரிக்குச் சண்டை போடப் போனேன். அங்கிருந்த அதிகாரி குரலை உயர்த்தவே இல்லை. ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். "நீங்கள் சொன்னது பதிவாகியிருக்கிறதே, சார். சல்பா." அந்தக் காகிதத்துக்கு முன் என்னிடம் பதில் இல்லை. பொய் சொன்னவர் யாரும் இல்லை. அலட்சியமாக இருந்தவரும் யாரும் இல்லை. இரண்டு பதிலைக் கேட்கிற கேள்விக்கு ஒரு பதில் மட்டும் கொள்ளும் கட்டத்தை யாரோ எங்கேயோ வைத்துவிட்டார்கள். அதை நேரில் பார்த்தும் நான் வாயைத் திறக்கவில்லை. அந்த உறுத்தல் எனக்கு வெகு நாள் இருந்தது. இப்போதும் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இதையெல்லாம் என் மருமானிடம் ஆத்திரமாகச் சொன்னேன். அவனும் என்னோடு சேர்ந்து திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவளுடைய பேரன் அல்லவா? அவன் பேசவில்லை. தன் கம்ப்யூட்டரைத் திறந்து, ஒரு டாக்டரம்மாவின் கிளினிக்குக்குத் தான் எழுதிக் கொடுத்த புரோகிராமைக் காட்டினான். நோயாளியின் விவரம். அதில் ஒவ்வாமை என்று ஒரு கட்டம். தட்டினான், பட்டியல் இறங்கிற்று. ஒன்றைத் தொட்டான், மூடிக்கொண்டது. இன்னொன்றைத் தொட்டான், முதலாவது போய்விட்டது.

"என்னுதும் இதேதான், மாமா" என்றான்.

அப்படித்தான் எங்கள் வேலை ஆரம்பமாயிற்று.

இந்த இறங்கு பட்டியலுக்கு 'டிராப்டவுன்' என்று பெயர். அது ஏன் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறது என்று கேட்டேன். மருமான் ஒரு பழைய உதாரணம் சொன்னான். அந்தக் காலத்து மோட்டார் கார் ரேடியோவில் பொத்தான்கள் வரிசையாக இருக்கும். ஒன்றை அமுக்கினால் முன்பு அமுங்கியிருந்தது வெளியே துள்ளிவிடும். ஒரே சமயத்தில் ஒரு நிலையத்தைத்தான் கேட்க முடியும் என்பதால் அது நியாயமான ஏற்பாடு. அதைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர்காரர்களும் 'ரேடியோ பட்டன்' என்று பெயர் வைத்தார்கள். சாதாரண டிராப்டவுன் அந்த ரேடியோவை மடித்து ஒரு கட்டத்துக்குள் வைத்த மாதிரிதான்.

"இன்னொரு காரணமும் எனக்குத் தோணுது, மாமா" என்றான். "1983-இல் ஆப்பிள் கம்பெனியின் லிசா, மறு வருஷம் மாக்கின்டாஷ், 1985-இல் விண்டோஸ். இதிலெல்லாம் இறங்குகிற மெனு எதுக்கு வந்தது? கட்டளை போட. திற, மூடு, அச்சடி. ஒரு தடவைக்கு ஒரு கட்டளைதானே போட முடியும்? ஒன்றைத் தொட்டதும் மூடிக்கொள்கிற பழக்கம் அதோட வந்தது. கட்டளைக்கு அது சரி. மனுஷனைப் பற்றிக் கேட்கிற கேள்விக்கும் நாங்க அதே பழக்கத்தை வைச்சுட்டோம்."

விண்டோஸில் பல வருஷங்களாகவே இரண்டு சாதனங்கள் உண்டாம். 'லிஸ்ட் பாக்ஸ்' என்று ஒன்று. திறந்தே கிடக்கும் பட்டியல். அதில் ஒன்றுக்கு மேல் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது. 'காம்போ பாக்ஸ்' என்று இன்னொன்று. மூடித் திறக்கும் பட்டியல். அது தானாக ஒன்றைத்தான் கொள்ளும். திரையில் இடம் குறைவு என்று எல்லாரும் இரண்டாவதையே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

முதல் முயற்சியாக அவன் லிஸ்ட் பாக்ஸை வைத்தான். கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டே தட்டினால் ஒவ்வொன்றாகச் சேரும். ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு தட்டினால் இடையில் உள்ளவை எல்லாம் சேரும். எனக்கு ரொம்பத் திருப்தி. இருவருமாகக் கிளினிக்குக்குக் கொண்டு போனோம். அங்கே முன் மேஜையில் இருக்கும் பெண் கெட்டிக்காரி. ஐந்து பேரைக் கண்ட்ரோல் விசையோடு பதிந்தாள். ஆறாவது ஆளுக்கு மூன்று மருந்து. அந்தச் சமயம் டெலிபோன் மணி அடித்தது. ஒரு கையில் டெலிபோன். இன்னொரு கையில் மௌஸ். கண்ட்ரோல் விசையை அழுத்த மூன்றாவது கை இல்லை. மூன்றாவது மருந்தைச் சும்மா தட்டினாள். முதல் இரண்டும் மறைந்தன. அவள் கவனிக்கவில்லை, நாங்கள் கவனித்தோம். அம்மாவுக்கு நடந்தது அப்படியே மறுபடியும் எங்கள் கண் முன் நடந்தது.

மருமான் திரும்பி வந்து, மூடித் திறக்கும் பட்டியலையே எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் டிக் போடுகிற சிறு கட்டம் வைத்தான். டிக் போட்டால் சேரும். இன்னொரு தடவை தொட்டால் நீங்கும். ஒன்று இன்னொன்றைத் தள்ளாது. ஆனால் ஒவ்வொரு டிக்குக்கும் பட்டியல் பழையபடி மூடிக்கொண்டது. மூன்று மருந்துக்கு மூன்று தடவை திறக்க வேண்டும்.

நான் அவனைச் சமையலறைக்கு அழைத்துப் போய் அம்மாவின் அஞ்சறைப் பெட்டியைக் காட்டினேன். "உன் பாட்டி தாளிக்கும்போது இதை எத்தனை தடவை திறக்கிறாள், பார். ஒரு தடவை. கடுகு, உளுத்தம்பருப்பு, சீரகம் எல்லாம் எடுத்தான பிறகு அவளாக மூடுவாள். ஒரு சிட்டிகை எடுத்ததும் மூடி தானாக விழுந்தால் எண்ணெய் புகைந்து போகும்."

அவன் சிரித்தான். ஆனால் அன்று ராத்திரியே மாற்றிவிட்டான். திறந்த பட்டியல், திறந்தவர் மூடும் வரை திறந்தே இருக்கும்.

பிறகு மூடின பெட்டியின் மேல் என்ன எழுதுவது என்ற கேள்வி வந்தது. அவன் '3 தேர்வாகியுள்ளன' என்று போட்டிருந்தான். பல புரோகிராம்களில் அப்படித்தான் போடுகிறார்கள், இடம் மிச்சம். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "எந்த மூன்று? டாக்டர் திறந்து பார்க்காவிட்டால்?" என்றேன். பெயர்களை எழுதினான். இரண்டு பெயருக்கு மேல் இடம் போதாமல் மூன்று புள்ளி வந்தது. அந்த மூன்று புள்ளிக்குள் பென்சிலின் ஒளிந்துகொள்ளலாம் அல்லவா? இரண்டு நாள் வாதம் நடந்தது. கடைசியில், பெயர் நீண்டால் கட்டம் இன்னொரு வரிக்கு வளரட்டும் என்று முடிவாயிற்று. திரையின் அழகு கொஞ்சம் கெட்டது. கெடட்டும்.

இதில் இன்னொரு வித்தியாசத்தையும் அவன் எனக்கு விளங்க வைத்தான். எக்ஸெல் என்ற கணக்குப் புரோகிராமில் வேண்டிய வரிகளை மட்டும் சலித்தெடுக்க ஒரு வடிகட்டி உண்டு. 2003-ஆம் வருஷத்துப் பதிப்பு வரையில் அந்தப் பட்டியலில் ஒரு பெயரைத்தான் நேராகத் தொடலாம். 2007-ஆம் வருஷப் பதிப்பில் டிக் கட்டங்கள் வந்தன. எத்தனை வேண்டுமானாலும் தொடலாம். மேலே 'எல்லாம்' என்று ஒரு கட்டம். 2010-இல் தேடும் பெட்டியும் சேர்ந்தது. ஆனால் அங்கே ஒன்றைத் தேடி டிக் போட்டுச் சரி என்றால் முன்பு தேர்ந்தெடுத்தவை போய்விடும். இருப்பதோடு சேர்க்கச் சொல்லித் தனியாக ஒரு டிக் போட வேண்டும்.

"வடிகட்டியிலே தப்பு நடந்தால் மறுபடி சலிச்சுக்கலாம், மாமா. கணக்கு அங்கேயே இருக்கும். நம்ம கட்டத்திலே போனது போனதுதான்" என்றான்.

அதனால் எங்கள் பட்டியலில் 'எல்லாம்' என்ற கட்டத்தை எடுத்துவிட்டான். உலகத்து மருந்தெல்லாம் ஒத்துக்கொள்ளாத மனிதர் உண்டா? தேடும் பெட்டியை வைத்தான். ஆனால் எதைத் தேடினாலும் முன்பு டிக் போட்டவை பட்டியலின் தலையில் அசையாமல் நிற்கும்படி செய்தான். மூடிய கட்டத்தின் மேல் மௌஸின் சக்கரம் தெரியாமல் உருண்டால் சில புரோகிராம்களில் பதிலே மாறிவிடுமாம். அதையும் அடைத்தான்.

இத்தனை நாளும் நான் வெறும் குறை சொல்கிறவனாகத்தான் இருந்தேன். கதைக்காரன் உபயோகப்பட்ட இடம் ஒன்று உண்டு. பட்டியலின் கடைசியில் 'ஒன்றும் இல்லை' என்று ஒரு வரி இருந்தது. அதற்கும் டிக், பென்சிலினுக்கும் டிக் என்று யாராவது போட்டால்? 'ஒன்றும் இல்லை' என்பது மற்றவற்றோடு சேர்ந்து உட்காரக்கூடிய பதில் அல்ல. மருமான் உடனே, 'ஒன்றும் இல்லை' என்று தொட்டால் மற்ற டிக்கெல்லாம் நீங்கும்படி செய்தான். "சத்தமில்லாமலா?" என்று கேட்டேன். அவன் முகம் மாறிவிட்டது. சத்தமில்லாமல் நீங்கியதால் வந்த வினையைத் தானே நாங்கள் சரிக்கட்டிக்கொண்டிருந்தோம்! இப்போது அந்தப் பெட்டி கேட்கும்: முன்பு சொன்ன இந்த இரண்டு பெயரையும் நீக்கலாமா என்று, பெயரைச் சொல்லிக் கேட்கும்.

இன்னொன்று. கட்டம் காலியாக இருந்தால் என்ன அர்த்தம்? நோயாளிக்கு ஒவ்வாமை இல்லை என்றா? அல்லது யாரும் கேட்கவே இல்லை என்றா? கதையில் ஒருத்தி பதில் சொல்லாமல் நிற்பதற்கும், இல்லை என்று சொல்வதற்கும் எத்தனை தூரம்! காலிக் கட்டத்தில் 'இன்னும் கேட்கவில்லை' என்று எழுத்து வர வேண்டும் என்றேன். மருமான் மறு பேச்சில்லாமல் ஒப்புக்கொண்டான். அவன் என் பேச்சுக்கு அப்படி ஒப்புக்கொண்டது அன்று ஒரு நாள்தான்.

எல்லாம் முடித்துக் கிளினிக்குக்குக் கொண்டு போனோம். முன் மேஜைப் பெண் ஒரு நாள் முழுவதும் உபயோகித்துப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு, சார். ஆனால் இதை ஏன் மூடி வைக்கணும்?" என்று கேட்டாள்.

நாங்கள் விழித்தோம்.

"அடிக்கடி வருகிறது ஆறோ ஏழோ மருந்துதான். அதை வெளியிலேயே வைச்சால் நான் பார்த்து வாசிச்சே கேட்டுடுவேனே. மூடியிருந்தால் எனக்கு ஞாபகம் வருகிறதைத்தானே கேட்பேன்?"

இரண்டு மாத உழைப்பில் பாதியை அந்தப் பெண் ஒரே கேள்வியில் தள்ளிவிட்டாள். ஆனால் அவள் சொன்னதுதான் சரி. மூடி வைப்பது இடத்தை மிச்சம் பிடிக்கத்தான். இடம் இருக்கும்போது மூடுவானேன்? ஆறு மருந்துகளின் பெயர் டிக் கட்டங்களோடு வெளியே வந்து உட்கார்ந்தன. மற்றவை எங்கள் பட்டியலுக்குள் போயின. அந்தப் பட்டியல் வேறு இடங்களிலும் வேலை செய்கிறது: ஏற்கெனவே உள்ள வியாதிகள், பேசும் பாஷைகள்.

பாஷை என்றதும் ஒன்று தோன்றுகிறது. இந்த ஒற்றைக் கட்டத்தின் சங்கடம் கிளினிக்கோடு நிற்பதல்ல. அமெரிக்காவின் ஜனத்தொகைக் கணக்கில் ஒருவர் தமக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைக் குறிக்கலாம் என்று முதல் முதலாக அனுமதித்தது 2000-ஆம் வருஷத்தில்தான். அதுவரையில் தாய் ஓர் இனம், தகப்பன் ஓர் இனமாக இருந்தவர் யாராவது ஒருவரை விட்டுவிட்டுத்தான் பாரத்தை நிரப்பியிருக்க வேண்டும். நம் நாட்டு 2011-ஆம் வருஷக் கணக்கெடுப்பில் தாய்மொழி ஒன்றும், அதற்கு மேல் தெரிந்த பாஷைகள் இரண்டும் எழுதிக்கொண்டார்கள். நாலாவது பாஷை பேசுகிறவர் அதை வீட்டோடு வைத்துக்கொள்ள வேண்டியதுதான். எந்தக் காகிதத்துக்கும் ஓர் ஓரம் உண்டு, அது வாஸ்தவம். ஆனால் ஓரம் எங்கே என்று தீர்மானிக்கிறவர், அதற்கு வெளியே யார் நிற்கிறார் என்று ஒரு தடவை எட்டிப் பார்க்கலாம்.

போன மாசம் அம்மாவுக்கு முழங்கால் வலி. அந்தக் கிளினிக்குக்கே அழைத்துப் போனேன். முன் மேஜைப் பெண் திரையைப் பார்த்து, "பென்சிலின், சல்பா. இரண்டும் ஒத்துக்காது. சரிதானே, பாட்டி?" என்று வாசித்தாள்.

"சரிதான். இன்னொன்றும் உண்டு" என்றாள் அம்மா. "கத்திரிக்காய் தின்றால் எனக்கு நாக்கு அரிக்கும்."

"அம்மா, அதையெல்லாம் போய்..." என்று நான் ஆரம்பித்தேன்.

"சொல்லட்டும், சார்" என்றாள் அந்தப் பெண். பட்டியலைத் திறந்து, 'மற்றவை' என்பதில் டிக் போட்டு, கத்திரிக்காய் என்று தட்டினாள். கட்டம் இன்னொரு வரிக்கு வளர்ந்தது.

அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. "மூணும் இருக்கா?" என்று என்னைக் கேட்டாள்.

"இருக்கும், பாட்டி" என்றான் மருமான், பின்னாலிருந்து.

நான் குனிந்து திரையைப் பார்த்தேன். ஒவ்வொன்றாக எண்ணினேன். பிறகுதான், "இருக்கு, அம்மா" என்றேன்.